ஹேண்ட்பிரேக் யாருக்குச் சொந்தம்?

என் மாமனார் எதையும் சரிபாதியாகப் பிரிப்பவர். ஒரு சோப்பு வாங்கினால் நூல் போட்டு இரண்டாக அறுத்து, ஒரு துண்டை மகனுக்கும் ஒரு துண்டை மகளுக்கும் கொடுப்பாராம். செய்தித்தாளையும் நடுவில் கிழிப்பாராம். அதனால் இரண்டு பிள்ளைகளும் எந்தச் செய்தியையும் முழுசாகப் படித்ததே இல்லை. அந்த மனிதர் உயிலில் இப்படி எழுதி வைத்திருந்தார்: கீழ்வீடு மகனுக்கு, மாடி மகளுக்கு; காரில் முன் பாதி மகனுக்கு, பின் பாதி மகளுக்கு. வக்கீல் அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு யாரும் சிரிக்கவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் சர்வேயர். அன்று மாலையே டேப்பை எடுத்துக்கொண்டு கார் ஷெட்டுக்குப் போனார். ஐம்பது வயதான அந்தக் காரின் நீளத்தை அளந்து, சரியாக நடுவில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டார். கூரையில் தொடங்கி, கதவில் இறங்கி, உள்ளே தரைவிரிப்பின் மேலும் அந்தக் கோடு போனது. மறுநாள் காலையில் அதற்கு மூன்று சென்டிமீட்டர் முன்னால் சிவப்பில் இன்னொரு கோடு இருந்தது. நகப்பூச்சு. என் நாத்தனார் போட்டது.

அவள் பல் டாக்டர். மாடியில்தான் இருக்கிறாள், வேலை அடுத்த தெருவில் உள்ள கிளினிக்கில். அவள் கணக்கு என்னவென்றால், அண்ணன் பம்பர்களை விட்டுவிட்டு அளந்துவிட்டார். முன் பம்பர் பின் பம்பரைவிட அதிகமாக நீட்டிக்கொண்டிருக்கிறது. அதைச் சேர்த்தால் நடு முன்னால் நகரும்.

"பம்பர் இல்லாம அது என்ன கார்?" என்றாள்.

"வேலிக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கறதையெல்லாம் மனைக்குள்ள சேர்க்க முடியாது" என்றார் இவர்.

மூன்று சென்டிமீட்டருக்காக இவ்வளவா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அந்த மூன்று சென்டிமீட்டரில்தான் ஹேண்ட்பிரேக் நிற்கிறது. வெள்ளைக் கோட்டின்படி அது அண்ணனுக்கு, சிவப்புக் கோட்டின்படி தங்கைக்கு. அன்று ஷெட்டில் இருவரும் குரலை உயர்த்தினார்கள். அதன்பின் மூன்று வருடம் ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசாமல் இருந்தால் பரவாயில்லை. என்னைப் பேச வைத்தார்கள். நான் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று பகல் முழுவதும் மைக்கில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், இங்கேயும் அதே உத்தியோகம். "மேல்மாடிக்காரிகிட்ட சொல்லு, மோட்டாரை நிறுத்தணுமாம்." "அண்ணி, உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, நிறுத்தியாச்சாம்." நாத்தனார் மாடிப்படியில் நிற்பாள், இவர் கீழ்ப்படியில் நிற்பார், இருவருக்கும் எல்லாம் காதில் விழும். ஆனாலும் நான் அறிவிக்கும்வரை காத்திருப்பார்கள். பதினெட்டுப் படி ஏறி இறங்கி என் முட்டி தேய்ந்துபோனதுதான் மிச்சம். ஹேண்ட்பிரேக்கைத் தொடும் உரிமையும் எனக்கு மட்டும்தான். தகராறில் இருக்கும் சொத்தை நடுநிலையாளர்தான் தொட வேண்டுமாம்.

இப்படியே போயிருக்கும். போக்குவரத்து அலுவலகத்திலிருந்து அந்த நோட்டீஸ் வந்தது. பழைய வண்டிகளெல்லாம் தகுதிச் சோதனைக்கு வர வேண்டும். எங்கள் வண்டியின் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட வேண்டும். ஊளையிடும் கியர்பாக்ஸையும், பின் சக்கரங்களைச் சுழற்றும் டிஃபரென்ஷியலையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமையோடு பதிவு ரத்து, வண்டி நேராக உடைப்புக்கு.

அன்று நாத்தனார் என்னை மாடிக்கு அழைத்து ஒரு கடிதத்தைக் காட்டினாள். எட்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் அவளுக்கு வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும்.

"வண்டி பாஸ் ஆனா இருக்கேன் அண்ணி. ஆகலைன்னா போயிடுவேன். அப்பாவோடதுன்னு பொதுவா இருக்கறது அது ஒண்ணுதான். அதுவும் போச்சுன்னா, கீழ இருக்கற மனுஷனுக்கும் எனக்கும் என்ன இருக்கு?"

"நான் இல்லையா?" என்று கேட்டேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு இருக்கும் ஒரே சிநேகிதி அவள்தான். இவரைப் பற்றி நான் குறை சொன்னால், ஆமாம் என்று சொல்லி மேலும் இரண்டு குறையைச் சேர்த்துக் கொடுப்பாள். அப்படி ஒருத்தி வேறெங்கே கிடைப்பாள்?

"இதை மட்டும் உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதீங்க. சத்தியமா" என்றாள். கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

மூன்று வருடமாக எல்லாவற்றையும் அறிவித்த எனக்கு, அறிவிக்கவே கூடாத ஒன்று அன்றுதான் கிடைத்தது.

வேலையை மெக்கானிக்கிடம் கொடுக்கலாம் என்றேன். எந்த மெக்கானிக் என்பதில் ஒத்துப்போகவில்லை. ஆகவே அவரவர் பாதியை அவரவரே செய்துகொள்வதாக என் மூலம் ஒப்பந்தமானது. முன் பிரேக்கும் கியர்பாக்ஸும் அண்ணன் பொறுப்பு. டிஃபரென்ஷியலும் ஹேண்ட்பிரேக் கேபிளும் தங்கை பொறுப்பு. இரண்டு பேரும் லீவு போட்டார்கள். நான் போடவில்லை. என்னையும் கட்டாயப்படுத்திப் போட வைத்தார்கள்.

இவர் வேலையைத் தொடங்கிய விதம், ஏதோ ஏரிக்கரையை அளக்கப் போகிறவர் மாதிரி இருந்தது. காருக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பார்சலில் வந்த ஒவ்வொரு சாமானுக்கும் நூல் கட்டி அட்டை தொங்கவிட்டார். 'இடது', 'வலது', 'இடது', 'வலது'. நாத்தனாரோ கிளினிக்கிலிருந்து முகமூடி, கையுறை, தலையில் மாட்டும் விளக்கு, நீளக் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடி எல்லாவற்றையும் கொண்டுவந்து, தட்டில் வரிசையாக அடுக்கிவிட்டு காருக்கு அடியில் படுத்தாள். நோயாளியின் எச்சிலை உறிஞ்சும் மெஷினை வைத்துப் பழைய கியர் ஆயிலை உறிஞ்சினாள். இறுகிப்போன போல்ட் ஒன்றிடம், "ஒண்ணும் இல்ல, கொஞ்சம் அழுத்தம் தெரியும், வலிக்காது" என்று சொன்னதை என் காதால் கேட்டேன்.

முன்னாலிருந்து பின்னால் சக்தியைக் கொண்டுபோகும் நீளத் தண்டு ஒன்று உண்டு. ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட். அது இரண்டு கோடுகளையும் தாண்டிப் போகிறது. முன் முனையை இவர் கழற்ற, பின் முனையை அவள் கழற்ற, இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தார்கள். எந்தப் பக்கம் வைப்பது என்று கேட்க வேண்டும். கேட்டால் பேசினதாகிவிடும். நான் தேநீர் போட்டுக்கொண்டு வரும்வரை இருவரும் அந்தத் தண்டைத் தூக்கிக்கொண்டு முற்றத்தை நான்கு சுற்று சுற்றியிருந்தார்கள்.

"சுவரோரமா வைங்க" என்று அறிவித்தேன். உடனே வைத்தார்கள்.

உண்மையான கூத்து பிரேக் குழாயில் காற்றெடுக்கும்போது நடந்தது. புதுப் பிரேக் போட்டால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அழுத்திப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்தருகே குட்டி மூடியைத் திறந்து காற்றும் எண்ணெயும் வரும்வரை பார்த்து, மூடிவிட்டுச் சொல்ல வேண்டும். அதன்பிறகுதான் பெடலை விடலாம். முந்தினால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். உலகத்தில் எந்தப் பகையாளியும் சேர்ந்து செய்யக் கூடாத வேலை அது. பெடல் அண்ணன் பாதியில் இருக்கிறது, பின் சக்கர மூடி தங்கை பாதியில் இருக்கிறது. நடுவில் நான்.

"அழுத்தச் சொல்லுங்க அண்ணி."

"அழுத்தவும்" என்றேன்.

"அழுத்தியாச்சுன்னு சொல்லு."

"அழுத்தியாகிவிட்டது."

"மூடிட்டேன், விடலாம்."

இதை நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் கால் வலித்துப் பெடலை விட்டிருப்பார். இல்லாவிட்டால், விடலாம் என்று நான் சொன்னதற்கு அவர் 'சரி' என்று சொல்ல, அந்தச் சரியை நான் அவளிடம் சொல்வதற்குள் அவள் மறுபடியும் திறந்திருப்பாள். மதியம்வரை இப்படியே போனது. என் தொண்டை கட்டிக்கொண்டது. பெடல் பஞ்சு மாதிரியேதான் இருந்தது. முன் சக்கரத்திலும் எண்ணெய்தான் வந்ததே தவிர, காற்று வரவே இல்லை. மூன்று முறை மிதித்தால் வண்டி நிற்கும் என்று இவர் சமாதானம் சொன்னார். ரிவர்ஸ் கியர் மட்டும் விழ மறுத்தது. "போறது முன்னாலதானே, ரிவர்ஸ் எதுக்கு? அப்புறம் பாத்துக்கலாம்" என்று அதையும் தள்ளிவைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை. இவர் ஓட்டுநர் இருக்கையில், நான் பக்கத்தில், நாத்தனார் கைப்பையோடு பின் இருக்கையில். அவள் பாதியில் அவள் உட்காருவதற்கு யார் அனுமதியும் தேவையில்லையே. வண்டி தெருவில் நின்றது. இவர் கடவுளை நினைத்துக்கொண்டு முதல் கியர் போட்டு, கிளட்ச்சை விட்டார். வண்டி பின்னால் போனது.

"ரிவர்ஸ் விழுந்துடுச்சு போல" என்று சொல்லி இரண்டாவது கியர் போட்டார். இன்னும் கொஞ்சம் வேகமாகப் பின்னால் போனது. மூன்றாவதிலும் அப்படித்தான். ஐந்து கியரும் பின்னால்தான் போகும். முன்னால் கொண்டுபோகக்கூடிய ஒரே கியர் அந்த ரிவர்ஸ்தான், அதுதான் விழாது.

பின் இருக்கையைத் திரும்பிப் பார்த்தேன். நாத்தனார் அந்தக் குட்டிக் கண்ணாடியைக் கையில் வைத்து முறைத்துக்கொண்டிருந்தாள். காதுவரை சிவந்திருந்தாள். கழற்றும்போது டிஃபரென்ஷியலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண்ணாடியில் பார்த்துப் படம் வரைந்திருக்கிறாள். மாட்டும்போது கண்ணாடி இல்லாமல் நேராகப் பார்த்து, அந்தப் படத்தில் இருந்தபடியே மாட்டியிருக்கிறாள். பல்சக்கரம் எதிர்ப்பக்கம் போய்விட்டது, அதனால் பின் சக்கரங்கள் தலைகீழாகச் சுற்றுகின்றன. சுற்றவிட்டுச் சரிபார்த்தாயா என்று கேட்டேன். பார்த்தாளாம். அதையும் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறாள்.

அலுவலகம் மூன்று கிலோமீட்டர் தூரம். பதினோரு மணிக்கு ஜன்னலை மூடிவிடுவார்கள். மணி பத்தேகால்.

"பின்னாலயே போயிடலாம்னு சொல்லுங்க அண்ணி" என்றாள்.

"பின்னாலேயே போய்விடலாமாம்" என்றேன்.

"என்னால கழுத்தைத் திருப்ப முடியாதுன்னு சொல்லு." ஐந்து நாள் காருக்கு அடியில் படுத்ததில் அவருக்குக் கழுத்து பிடித்திருந்தது.

"நான் பாத்துச் சொல்றேன்னு சொல்லுங்க."

அப்படித்தான் கிளம்பினோம். நாத்தனார் பின் இருக்கையில் முழங்காலிட்டு, பின் கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்தாள். அவள் சொல்வதை நான் இவருக்குச் சொன்னேன்.

"லெஃப்ட்ல திரும்பச் சொல்லுங்க."

"இடது பக்கம் திரும்பவும்."

"யாருக்கு லெஃப்ட்? எனக்கா, அவளுக்கா?"

"யாருக்கு இடது என்று கேட்கிறார்."

"அதுக்குள்ள தெருவே தாண்டிப் போச்சுன்னு சொல்லுங்க."

பெரிய சாலைக்கு வந்ததும் இன்னொரு சங்கடம். எங்களுக்குப் பின்னால் வரும் வண்டிக்காரர் எல்லாரும் எங்கள் முகத்துக்கு நேராக வந்தார்கள். ஒரு லாரி டிரைவர் ஒரு கிலோமீட்டருக்கு எங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். இவரும் அவரைப் பார்த்தார். வேறெங்கே பார்ப்பது? முதலில் முறைத்துக்கொண்டார்கள், பிறகு லேசாகத் தலையாட்டிக்கொண்டார்கள். சிக்னலில் நின்றபோது அந்த டிரைவர் சாப்பிட்டாச்சா என்று சைகையில் கேட்டார். சந்திப்பில் நின்ற போலீஸ்காரர் விசிலை வாயில் வைத்தார், ஊதவில்லை. எந்தப் பக்கம் போகிறவர்களைத் தடுப்பது என்று அவருக்கே குழப்பம் போலிருந்தது.

எனக்குப் பயமாக இருந்தது. விபத்தை நினைத்து இல்லை. வண்டி பதினோரு மணிக்குள் போய்ச் சேராவிட்டால் திங்கட்கிழமை மாடி காலியாகிவிடுமே என்றுதான். சொல்லிவிடலாமா என்று மூன்று முறை வாயைத் திறந்தேன். சத்தியம் செய்திருந்தேனே. மூடிக்கொண்டேன்.

பத்து ஐம்பதுக்கு அலுவலக வாசலுக்கு வந்துவிட்டோம். வாசலிலிருந்து சோதனை மைதானத்துக்கு ஒரு சரிவு இறங்குகிறது. சரிவின் அடியில் ஆய்வாளர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். மேசைமேல் கோப்புகள், ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீர். வண்டி சரிவில் இறங்கியதும் இவர் பெடலை மிதித்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நிற்கவில்லை.

"அண்ணி, பிரேக் போடச் சொல்..." என்று ஆரம்பித்தாள் நாத்தனார்.

நான் அவளைப் பார்த்துத் திரும்பி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "பிரேக்கைப் போடுமாறு..." என்றேன். இருபது வருடப் பழக்கம், அவசரத்தில்கூட வாக்கியத்தை முழுதாகத்தான் சொல்ல வருகிறது.

"அண்ணா! பிரேக்கு!" என்று அவள் கத்தினாள்.

"பிடிக்கலடி! அதைப் பிடி, அதைப் பிடி!" என்று இவரும் கத்தினார்.

ஹேண்ட்பிரேக்கை இழுக்க அதிகாரமுள்ள ஒரே ஆள் நான். என் கை போவதற்குள் அங்கே இரண்டு கைகள் இருந்தன. கிரீஸ் படிந்த ஒரு கை, கையுறைப் பவுடர் படிந்த ஒரு கை, ஒன்றன்மேல் ஒன்றாக. இரண்டும் சேர்ந்து இழுத்தன. பின் சக்கரங்கள் கிறீச்சிட்டன. வண்டியின் பின் பம்பர் மேசைக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. டம்ளரில் தண்ணீர் தளும்பியது, சிந்தவில்லை.

ஆய்வாளர் நிதானமாக எழுந்து வந்தார். முன் சக்கரத்தருகே குனிந்தார். பிறகு பின்னால் போய் அடியில் பார்த்தார். எதற்கும் அதிர்ச்சியடையாத முகம்.

"யார் வண்டி இது?"

"என்னுது" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"முன்னால லெஃப்ட் பிரேக்கை ரைட்லயும், ரைட் பிரேக்கை லெஃப்ட்லயும் மாட்டியிருக்கீங்க. காத்து போற மூக்கு மேல இருக்கணும், இதுல கீழ இருக்கு. எண்ணெய் வரும், காத்து எப்படி வரும்? டிஃபரென்ஷியலும் திரும்பி இருக்கு. ஆனா ஹேண்ட்பிரேக் நல்லாப் பிடிக்குது. பதினஞ்சு நாள் தரேன். சரி பண்ணிட்டு, முன்னால பாத்து வாங்க."

அவர் முத்திரை குத்திவிட்டுப் போனார். அண்ணனும் தங்கையும் வண்டியின் இரண்டு பக்கமும் நின்றார்கள். நான் அறிவிக்கத் தயாராகத் தொண்டையைக் கனைத்தேன்.

"லெஃப்ட் ரைட்கூடத் தெரியாதா உனக்கு?" என்றாள் அவள். அவரைப் பார்த்து. நேராக.

"முன்னால நின்னு பாத்துதான் அட்டை கட்டினேன். மனைக்கு முன்னால நின்னுதான் அளப்பாங்க!"

"கார்ல உக்காந்துதான் ஓட்டுவாங்க!"

"நீ மட்டும்? பல்லைப் பிடுங்கற கண்ணாடியில பாத்து டிஃபரென்ஷியல் மாட்டினவ, என்னைச் சொல்ல வந்துட்டா!"

மைதானம் முழுவதும் எங்களைப் பார்த்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மூன்று வருடத்தில் யாரும் என்னை எதையும் யாரிடமும் சொல்லச் சொல்லாத முதல் சண்டை அது. இன்னும் கொஞ்சம் நன்றாகத் திட்டிக்கொள்ளக் கூடாதா என்று நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அந்தச் சக்கரம் எந்தப் பக்கம் வரணும்னு எனக்குத் தெரியும். இப்ப வரைஞ்சு காட்டறேன், பாரு" என்று சொல்லி நாத்தனார் கைப்பைக்குள் கையை விட்டு அகப்பட்ட காகிதத்தை எடுத்தாள். பானெட்டில் விரித்து வரைந்தாள். இவர் பேனாவைப் பிடுங்கி, பக்கத்திலேயே பிரேக்கின் மூக்கை வரைந்தார். அது தப்பு என்று அவள் கோடு போட்டு அடித்தாள். கிரீஸ் விரல் ஐந்தும் காகிதத்தில் பதிந்தது. திருப்பி இன்னொரு பக்கத்தில் வரையலாம் என்று அவள் புரட்டியபோதுதான் கல்லூரியின் முத்திரை தெரிந்தது. அந்தக் கடிதம்.

அவள் கை நின்றுவிட்டது. இவர் இன்னும் பார்க்கவில்லை, குனிந்து சக்கரத்தைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, வேற பேப்பர் இருக்கா?" என்று என்னிடம் கேட்டாள்.

என் கைப்பை திறந்துதான் இருந்தது. பேருந்து அட்டவணைக்காக நான் வைத்திருக்கும் வெள்ளைத் தாள்கள் அதிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

"இல்லை" என்றேன். அறிவிப்பாளர் குரலில், தெளிவாக.

அவள் என் பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு அந்தக் கடிதத்தை நீவி விரித்து, எழுத்துகளின் மேலேயே பேனாவை வைத்து, "சரி, இங்க பாருண்ணா" என்று ஒரு பெரிய பல்சக்கரத்தை வரையத் தொடங்கினாள்.